கொரிய மொழியில் தொடர்வினை: '-கோ இத்தா' மட்டும் போதாது

ஒருவழியாக இந்தப் பகுதியைத் தாண்டியாயிற்று. கோபம் மட்டும் ஆறவில்லை. '-கோ இத்தா' என்றால் ஆங்கிலத்து '-இங்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது தொடக்கப் பாடம். நமக்கு அந்தச் சுற்றுவழியே வேண்டாம். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை முடிந்தது.

'மொக்கோ இத்தா' (சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்) வரை வம்பில்லை. 'உட்கார்' வந்ததும் சிக்கல். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை 'அன்ஜா இத்தா' என்றுதான் சொல்ல வேண்டும். 'அன்கோ இத்தா' என்றால் உட்காரும் செயல் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. செயல் முடிந்து நிலை நீடித்தால் '-ஆ/-ஒ இத்தா'. 'காகோ இத்தா' போய்க்கொண்டிருக்கிறான். 'கா இத்தா' போயிருக்கிறான், அங்கேதான் இருக்கிறான். 'சால்கோ இத்தா' வசிக்கிறான். 'சாரா இத்தா' உயிரோடு இருக்கிறான்.

தமிழை அப்படியே நம்பினால் உடையில் மாட்டிக்கொள்வோம். 'சட்டை போட்டிருக்கிறான்' என்பதற்கு 'இபொ இத்தா' என்று எழுதத் தோன்றும். தவறு. நம் 'ஐ' போன்ற செயப்படுபொருள் உருபான 'ஊல்/ரூல்' ஏற்கும் வினையோடு '-ஒ இத்தா' சேராது. 'இப்கோ இத்தா' என்பதே சரி. அதற்கே 'போட்டுக்கொண்டிருக்கிறான்' என்ற பொருளும் உண்டு. குழப்பம் வேண்டாமென்றால் 'இம்நுன் ஜுங்இதா' என்று எழுதுங்கள், செயல் நடக்கிறது என்பது தெளிவாகிவிடும்.

'படித்து வருகிறேன்' இன்னொரு பள்ளம். நம்மைப் போலவே அவர்களும் 'வா' வினையைத்தான் சேர்க்கிறார்கள், ஆனால் இதுவரை படித்து வந்ததைச் சொல்லக் காலம் மாறும்: 'பேவொ வாத்தா'. நிகழ்காலத்தில் 'பேவொ ஒந்தா' என்று விட்டால் வாக்கியம் இடறும். இனிமேலும் தொடர்வதற்கு 'போ' வினையான 'காதா' சேரும்.

திரும்பத் திரும்ப நடப்பதற்கு '-கொன் ஹாதா'. காலம் 'ஹாதா'வில் மட்டுமே ஏறும்: 'காகொன் ஹேத்தா' (முன்பு அவ்வப்போது போவதுண்டு). அவ்வப்போது நடப்பதற்குத்தான் இது. தினமும் தவறாமல் நடப்பதோடு ஒட்டாது.

'-ஒ தேதா'வில் மிகுந்த கவனம் வேண்டும். 'ஊரொ தேதா' என்றால் ஓயாமல் அழுது தொலைக்கிறான் என்ற எரிச்சல் உள்ளேயே இருக்கிறது. ஆசிரியர், பெரியவர் பற்றிப் பேசும்போது பக்கத்திலேயே போகாதீர்கள். அவர்களுக்கு 'இத்தா'வும் கூடாது, மரியாதை வடிவமான '-கோ கேசிதா' தான்.

கொரிய மொழித் திறன் தேர்வான டோபிக் 2-இன் எழுத்துத் தேர்வில் 53-ஆம் கேள்விக்கு (200 முதல் 300 எழுத்து) வரைபடப் போக்கைச் சொல்ல 'ஜுங்காஹாகோ இத்தா' (அதிகரித்துவருகிறது) கைகொடுக்கும். அங்கே பேச்சு நடையின் 'இஸ்ஸொயோ' வந்தால் மதிப்பெண் குறையும்.