அம்மாவின் நேர்ச்சை, என் முட்டி

கஜா புயலன்று அம்மா நேர்ந்துகொண்டது இது. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஓட்டு வீட்டில் கட்டிலுக்கடியில் மூன்று பேரும் சுருண்டு கிடந்தோம். தோப்புக்குள் யாரோ வரிசையாக ஒடித்துக்கொண்டே வருவதுபோல் சத்தம். அம்மா செபமாலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். விடிந்து பார்த்தால் 110 தென்னையில் 11தான் நின்றது.

வேளாங்கண்ணி மணல் பாதையில் முழங்காலால் வருகிறேன் என்று நேர்ச்சை. வருசம் ஓடி, அம்மாவுக்கு மூட்டு தேய்ந்துபோனது. "உன் முட்டியைக் கொஞ்சம் மாதாவுக்குக் குடுடி" என்றார். சரி என்று கிளம்பினோம். தப்பிப் பிழைத்த மரத்து நெற்றில் முளைத்த தென்னம்பிள்ளை ஒன்று அம்மா மடியில்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் லாட்ஜ் ஆட்கள் பையைப் பிடித்து இழுக்கிறார்கள். வேண்டாம் என்று நாலு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. மெழுகுவர்த்தி விற்பவர், திரும்பி வருவதற்குள் விலையை ஏற்றிவிட்டார். மாதா ஊரில் இப்படியா என்று அம்மா அவரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

மாதா குளத்துக்குப் போகும் மணலில் முதல் பத்தடி ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் மணல் கண்ணாடித் தூளாகக் குத்த ஆரம்பித்தது. பாதிவழியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஊர்ந்து வந்த ஒரு பாட்டி, "எழும்பும்மா, அவ பாத்துக்கிட்டுதான இருக்கா" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். வெட்கமாகிவிட்டது. ஆண்டவரின் குரல் கேதுரு மரங்களை முறிக்கிறது என்று 29ஆம் திருப்பாடலைச் சின்ன வயதிலிருந்து பாடுகிறோம். கஜாவுக்குப் பிறகு அந்த வரி வந்தால் என் வாய் மூடிக்கொள்ளும். அன்று அந்த மணலில் முனகிக்கொண்டே சொன்னேன், எப்படியோ வந்தது.

திரும்பிப் பேராலயத்துக்கு வந்து மாதா முன்னால் நின்றேன். புயலில் பிழைத்துக் கரைசேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் எழுப்பிய கோயில்தானே இது, அவர்களும் எங்கள் சாதிதான். கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோய்க் கண்ணீர்தான் வந்தது. தாயே, அந்தக் கட்டிலடி, அந்த 11 மரம், அம்மா இன்னும் என் பக்கத்தில் நிற்பது, எல்லாமே உன் பிச்சை, ஆரோக்கிய மாதாவே! பின்னால் நின்றவர் முதுகில் இடித்து நகரச் சொல்லும்வரை நின்றேன். தென்னம்பிள்ளையைக் காணிக்கை வாங்கும் இடத்தில் கொடுத்தபோது அம்மா அதன் குருத்தைத் தடவிவிட்டுத்தான் கையை எடுத்தார்.

வெளியே வந்து கடற்கரைக்குப் போகும் வழியில் சுனாமி ஸ்தூபி. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் கோயிலுக்குள் ஏறவில்லை. கடற்கரையில் நின்றவர்களையும் கடைக்காரர்களையும் வாரிக்கொண்டு போனது. அதில் எத்தனை பேர் நேர்ச்சை தீர்க்க வந்தவர்களோ. எங்களை மாதா காப்பாற்றினாள் என்று உள்ளே அழுதுவிட்டு வந்த வாயால் அந்த இடத்தில் ஒன்றும் பேச முடியவில்லை. மிச்சமிருந்த மெழுகுவர்த்தியை அம்மா அங்கே ஏற்றினார். காற்றில் மூன்று தரம் அணைந்தது, மூன்று தரமும் ஏற்றினார்.

"அன்னைக்கு ராத்திரி என்னம்மா வேண்டிக்கிட்டே, தோப்பையா?"

"தோப்பெல்லாம் ஞாபகத்துலயே இல்லடி. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துன்னு கேட்டேன். பயமா இருந்துச்சு."