தெரியும் என்று டிக் அடித்தால் தெரிந்ததாகிவிடுமா?

நர்சிங் மாணவர்களுக்குச் சான்று சார்ந்த செவிலியப் பணி (ஆய்வுச் சான்றைத் தேடி, எடைபோட்டு, அதன்படி சிகிச்சை தருவது) எவ்வளவு தெரியும் என்று அளக்க நினைப்பவர்களில் பலர் முதலில் எடுப்பது 2006இல் வந்த இ.பி.பி.க்யூ. (EBPQ) என்ற சுயமதிப்பீட்டுக் கேள்வித்தாள். மொத்தம் 24 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அறிவு, திறன் பற்றியவை 14. ஆனால் அந்த 14இலும் மாணவர் தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்கிறார். அது தன்னம்பிக்கையின் அளவு. அதை 'அறிவு' என்று ஆய்வறிக்கையில் எழுதுவது பெரிய பிழை.

அறிவை அளக்க, சரி தவறு பார்க்கக்கூடிய கேள்வி வேண்டும். 2003இல் வெளியான ஃபிரெஸ்னோ தேர்வு நோயாளி ஒருவரின் நிலையைச் சொல்லி, விடையை எழுதச் சொல்லும். மொத்தம் 212 மதிப்பெண். அது மருத்துவர்களுக்காக உருவானது, திருத்தவும் நேரம் பிடிக்கும். ஆனாலும் அந்த வடிவத்தை வைத்துக்கொண்டு நோயாளியை நம் கடற்கரைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

உதாரணமாக, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கரைக்கு வந்த மீனவர், காலில் திருக்கை முள் குத்தி வலியில் துடிக்கிறார். 'என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் கேள்வி கெட்டது. மீனவக் குடும்பத்துப் பிள்ளை 'வெந்நீர்' என்று உடனே எழுதிவிடும். அது வீட்டில் கற்றது. நாம் அளக்க வேண்டியது தேடும் முறையை. எனவே பிக்கோ (PICO) வடிவில் கேள்வி அமைக்கச் சொல்ல வேண்டும்: யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். பலன் என்ற இடத்தில் 'குணமாதல்' என்றால் 1. '30 நிமிடத்தில் வலி அளவு குறைதல்' என்றால் 2. பெரும்பாலும் விட்டுப்போவது ஒப்பீடுதான்.

அடுத்த கேள்விக்குக் கணக்கு. 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், புளூபாட்டில் (ஜெல்லி மீன் போன்ற கடலுயிர்) கொட்டி வலியோடு வந்தவர்களைச் சீரற்ற முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு 45 டிகிரி வெந்நீர், மற்றதற்கு ஐஸ் ஒத்தடம். 20 நிமிடத்தில் வலி குறைந்தவர்கள் முறையே 87%, 33%. வித்தியாசம் 54%. ஒருவருக்குக் கூடுதல் பலன் கிடைக்க எத்தனை பேருக்கு வெந்நீர் தர வேண்டும்? 1ஐ 0.54ஆல் வகுத்தால் 1.85, அதாவது 2 பேர். அதோடு நிறுத்தக் கூடாது. பாம்பன் பக்கம் கொட்டும் எல்லா ஜெல்லி மீனுக்கும் இது பொருந்துமா, மரத்துப்போன காலில் வெந்நீர் சுடுவது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். என் கணிப்பில், மனப்பாடம் செய்தவரும் புரிந்தவரும் பிரிவது இங்கேதான்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வுசெய்யும் கேள்வி என்றால், 20க்கு 5 குருட்டாம்போக்கிலேயே வந்துவிடும். எல்லாரும் சரியாகப் போட்ட கேள்வியும், யாருமே போடாத கேள்வியும் மாணவர்களைப் பிரித்துக் காட்டாது. 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாக எழுதியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிப் பாடம் முடித்தவர்களும் முதலாண்டுக்காரர்களும் ஒரே மதிப்பெண் வாங்கினால் கோளாறு பெரும்பாலும் தாளில்தான்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு நோயாளி விவரத்தை இரு மொழியிலும் கொடுங்கள். இல்லையென்றால் ஆங்கிலத்தை அளந்துகொண்டிருப்போம். இன்டர்னல் மார்க்கோடு சேர்க்க மாட்டோம் என்று முன்பே சொல்லி, பெயருக்குப் பதில் குறியீடு வாங்குங்கள். சுயமதிப்பீட்டுத் தாளும் உண்டென்றால் அதை முதலில் கொடுங்கள். தேர்வு எழுதிய பிறகு கொடுத்தால் சோர்வு அதில் இறங்கிவிடும். எழுத்து விடைகளை இருவர் தனித்தனியாகத் திருத்தட்டும். முதல் 10 தாளிலேயே இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால், மதிப்பெண் விதியைத் திருத்தி எழுதிவிட்டு அந்த 10ஐயும் மறுபடி திருத்த வேண்டும்.