பல்லுக்கொழுக்கட்டைக்கு நாள் வந்திட்டுது

இண்டைக்கு விடியப் பால் குடுக்கேக்க நறுக்கெண்டு ஒரு கடி. விரலால தடவிப் பாத்தன். கீழ் முரசில அரிசி நுனி மாதிரி ஒரு பல்! கண்ணீரே வந்திட்டுது.

மகளுக்கு 9 மாதம் முடிஞ்சுது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆறிலயே வந்ததெண்டு நான் பட்ட கவலை! கிளினிக்கில மிட்வைஃப் அக்கா அப்பவே சொன்னவ, 12 மாதம் வரைக்கும் பொறுக்கலாமெண்டு.

முதல்ல கீழ் முன்பல் ரெண்டு, பிறகு மேல் முன்பல், பிறகு அதுகளுக்குப் பக்கத்துப் பல்லுகள். எனக்குப் புதினமா இருந்தது அடுத்ததுதான்: வேட்டைப்பல்லுக்கு (அந்தக் கூர்ப்பல்லுக்கு) முன்னமே முதல் கடவாய்ப்பல் வந்திடுமாம், 13–19 மாதத்தில. நடுவில விட்ட இடைவெளிக்குள்ள வேட்டைப்பல் 16–23 மாதத்தில முளைக்கும். கடைசிக் கடவாய்ப்பல் ரெண்டு வயசளவில. மூண்டு வயசில மொத்தம் 20.

முரசு வீங்கும், வீணீர் வடியும். ஆனா 38 பாகைக்கு மேல காய்ச்சலோ வயித்தோட்டமோ எண்டால் "பல்லு முளைக்குது" எண்டு வீட்டில இருந்திடாதேங்கோ, டொக்டரிட்டக் காட்டுங்கோ.

வாற ஞாயிறு, முதல் பல்லு வந்ததுக்காக மகளின்ர தலையில கொழுக்கட்டை கொட்டுறம். விளிம்பில பல்லு மாதிரிக் குத்த அம்மா இப்பவே தேங்காய் பாத்து வைச்சிட்டா. புத்தகம், பேனை, காப்பு எல்லாம் முன்னால பரப்புவம். எதை எடுப்பாளோ என்ர செல்லம்!