ஐந்து கட்டையிலிருந்து நாலு கட்டைக்கு

கீபோர்டில்தான் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே, அப்புறம் எதற்கு லேப்டாப்பில் கட்டளை தட்டும் இந்தக் கறுப்புத் திரை என்று எங்கள் பாடகர் குழுவில் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பட்டன் கீபோர்டு வாசிக்கிற என் ஒருத்தியின் சிக்கலைத்தான் தீர்க்கும். வயலின்காரர்களும் கிளாரினெட் அண்ணனும் தாளைப் பார்த்து வாசிக்கிறவர்கள். தாளில் பட்டன் கிடையாது.

பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயத்தில் கிறிஸ்துமஸ் ஆராதனை விடியும் முன்பே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் யாருக்கும் தொண்டை திறக்காது. 'ஓல்ட் ஹண்ட்ரட்' மெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1551-ல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் அச்சானது. உலகமெங்கும் ஆலயங்களில் பாடுகிறார்கள். எங்கள் தாளில் அது ஜி மேஜரில் இருக்கிறது, உச்சத்தில் மேல் டி. முன்வரிசை ஆச்சிமார் அந்த டி வரும்போது மட்டும் வாயசைத்துவிட்டு, கீழே இறங்கியதும் சேர்ந்துகொள்வார்கள். எஃப்புக்கு இறக்கினால் உச்சம் சி. எல்லாரும் பாடுவார்கள்.

இதற்காகத்தான் எங்கள் பாமாலை மெட்டுகளை ஏபிசி முறையில் தட்டி வைத்திருக்கிறேன். இங்கிலாந்தின் கிறிஸ் வால்ஷா நாட்டுப்புற மெட்டுகளைக் குறித்துக்கொள்ள உருவாக்கிய முறை இது. சுரங்கள் வெறும் எழுத்துகள்தான். பெரிய எழுத்து கீழ் ஸ்தாயி, சிறிய எழுத்து மேல் ஸ்தாயி, இன்னும் கீழே போக ஒரு கமா. எழுத்துக்குப் பின் 2 போட்டால் இரட்டை நீளம். மேலே தலைப்பு, தாளம், அடிப்படை நீளம் என்று சில வரிகள். ஸ்கேலைச் சொல்லும் 'கே' வரி கடைசியில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில்கூட அனுப்பலாம்.

இந்த எழுத்துகளைச் சுருதி மாற்றித் தரும் கருவியின் பெயர் 'ஏபிசி2ஏபிசி' (abc2abc). ஜேம்ஸ் ஆல்ரைட் எழுதி, சீமோர் ஷ்லியன் பராமரித்து வரும் 'ஏபிசிமிடி' (abcmidi) தொகுப்பில் அதுவும் ஒன்று. உபுண்டு லினக்ஸில் தொகுப்பின் பெயரைச் சொல்லி நிறுவினால் போதும்.

எல்லாரும் டிரான்ஸ்போஸுக்காகத்தான் இதைத் தேடி வருகிறார்கள். எனக்கு இதன் சரிபார்ப்புதான் பெரிதாகத் தெரிகிறது. கோப்பின் பெயரை மட்டும் கொடுத்து ஓட்டினால், முழு மெட்டையும் திரும்பத் திரையில் அச்சிடும். எங்காவது ஒரு 2 விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே பர்சன்ட் குறியோடு பிழை வரி ஒன்று வரும்: இந்த பார் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவேயுள்ள பகுதி) 3/4, 4/4 அல்ல என்று. நாலு குரல் பாட்டில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ மட்டும் ஒரு தட்டு முந்திப்போனால் ஒத்திகையில் அரை மணி நேரம் போய்விடும். யார் தப்பு என்ற வாக்குவாதம் தனி. இங்கே ஒரு நொடி. ஆனால் நீளத்தைத்தான் எண்ணும். ஏ இருக்க வேண்டிய இடத்தில் பி இருந்தால் கண்டுகொள்ளாது. அதற்கு அதே தொகுப்பின் 'ஏபிசி2மிடி'யில், கணினி வாசித்துக் காட்டும் மிடி கோப்பாக மாற்றிக் காதால் கேட்பதுதான் வழி.

இறக்குவதற்குக் கோப்பின் பெயருக்குப் பின் மைனஸ் டி (-t), ஓர் இடைவெளி, மைனஸ் 2. ஜி ஜி எஃப் இ டி ஜி ஏ பி என்று தொடங்கும் முதல் அடி எஃப் எஃப் இ டி சி எஃப் ஜி ஏ என்று வந்து நிற்கும். 'கே' வரியும் தானாக எஃப் ஆகிவிடும். மேற்கோள் குறிக்குள் எழுதிய கிடார் கார்டுகளும் (chords) மாறும். கிடார் பையன்களுக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டாம். பாட்டு வரிகள் அசை பிரித்தபடியே சுரங்களுக்குக் கீழே கூட வரும்.

நம்மூர்க்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நாம் கட்டையில் பேசுகிறோம்: சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து. கருவியோ கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து அரைச்சுரத்தில் எண்ணுகிறது. ஐந்து கட்டையிலிருந்து நாலுக்கு வர மைனஸ் 2. நாலிலிருந்து மூன்றுக்கு வர மைனஸ் 1 தான், இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லையே. "ஒரு கட்டை இறக்கும்மா" என்று எங்கள் போதகர் ஐயர் சொன்னால், எந்தக் கட்டையிலிருந்து என்று தெரியாமல் எண்ணைத் தட்டக் கூடாது. அதேபோல் வெளியீட்டைப் புதுப் பெயரில் சேமியுங்கள். பழைய கோப்பின் பெயரையே அம்புக்குறிக்குப் (>) பின் கொடுத்தால், கருவி படிக்கும் முன்பே கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல் அதைக் காலி செய்துவிடும்.

கிளாரினெட் கதை வேறு. அண்ணனுடையது பி ஃப்ளாட் கிளாரினெட். எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும். ஆகவே அவருடைய தாள் எப்போதும் எங்களைவிட 2 மேலே இருக்க வேண்டும். நாங்கள் ஜி-யில் பாடினால் அவருக்கு ஏ மேஜர், மூன்று ஷார்ப். முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! நாங்கள் எஃப்புக்கு இறங்கினால் அவருக்கு வேண்டியது ஜி, அதாவது எல்லாரும் மடித்து வைத்துவிட்ட அந்தப் பழைய தாள். ஆச்சிமாரைவிட அவருக்குத்தான் இதில் சந்தோஷம்.

கீர்த்தனைகளை மட்டும் நான் இதில் ஏற்றுவதில்லை. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை எழுத்தெழுத்தாகத் தட்டிப் பார்த்தால் கமகம் எல்லாம் உதிர்ந்து, எலும்பு மட்டும் மிஞ்சுகிறது. அவற்றுக்கு யாரும் தாளும் கேட்பதில்லை. "நாலு கட்டை" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், வயலின் தானாக வந்து சேர்ந்துவிடும்.