ஸ்டாண்டில் எது புதுசு?

தண்ணீர் கேன் போடும் தம்பி அவசரத்தில் வாசலோடு வைத்துவிட்டுப் போனால், இருபது லிட்டரைத் தூக்கி ஸ்டாண்டில் ஏற்ற எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. அம்மாவுக்கு எழுபது வயது. அவருக்காகத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்த லேத் பட்டறையில் ஒரு ஸ்டாண்ட் செய்தேன். பெடலை மிதிக்க மிதிக்கக் கேன் படிப்படியாக ஏறும், மேலே போனதும் சாய்ந்து நிற்கும்.

பார்த்தவர்கள் எல்லாம் "பேட்டன்ட் போடுப்பா" என்றார்கள். அதற்கு முன் ஒரு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். அந்தப் படிவத்தில் 'புதுமையின் அளவு' என்று ஒரு கேள்வி: நிறுவனத்துக்குப் புதிது, சந்தைக்குப் புதிது, உலகுக்குப் புதிது. யோசிக்காமல் மூன்றாவதை டிக் அடித்தேன்.

எம்பிஏ பாடம் எடுக்கும் நண்பன் அதைப் பார்த்துச் சிரித்தான். "முதல்ல தேடிப் பார்த்தியா?" இந்த மூன்று படிகள், புதுமையை எப்படி அளப்பது என்று ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு போட்ட ஆஸ்லோ கையேட்டிலேயே இருக்கிறதாம். மூன்றாவதைத் தொடுவது அபூர்வம் என்றான்.

சரி என்று அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். காப்புரிமைகளுக்கு உலகம் முழுவதும் பொதுவான வகைப்பாட்டுக் குறியீடு உண்டு. தூக்கும் கருவிகள் பி66எஃப், திரவம் ஊற்றிக் கொடுப்பவை பி67டி. இரண்டையும் போட்டு கூகுள் பேட்டன்ட்ஸில் தேடினால், பெடலும் இருக்கிறது, கேனைத் தாங்கிச் சாயும் தொட்டிலும் இருக்கிறது. இரண்டும் எனக்கு முன்னாலேயே யாரோ செய்தவை. அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

நண்பன் விடவில்லை. 1990-இல் ஹென்டர்சன், கிளார்க் என்ற இரண்டு நிர்வாகவியல் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையைக் காட்டினான். உதிரி பாகங்கள் பழசாக இருந்தாலும், அவை ஒன்றோடொன்று சேரும் விதம் புதிதென்றால் அது தனி வகைப் புதுமை என்கிறார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் பேட்டன்ட் ஏஜென்ட் கண்டிப்பாகச் சொன்னார்: நம் பேட்டன்ட் சட்டத்தின் 3(எஃப்) பிரிவுப்படி, தெரிந்த சாதனங்களை, தனித்தனியே பழைய வேலையையே செய்ய விட்டு, வெறுமனே அடுக்கி வைத்தால் கண்டுபிடிப்பு ஆகாது. "சேர்த்ததால புதுசா என்ன நடக்குது, அதைச் சொல்லுங்க."

என்ன நடக்கிறது? பட்டறைக்குப் போய் நூறு தடவையாவது மிதித்திருப்பேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, பாதியில் கால் வழுக்கினால் கேன் விழாமல் இருக்க நாங்கள் வைத்த கொக்கி. கேனின் எடையே அதை ஸ்டாண்டின் பல்லில் அழுத்திப் பிடிக்கும், காலியானால்தான் விடும். அப்படி ஒன்று நான் தேடியதில் எங்கேயும் இல்லை. பாதுகாப்புக்காக அவசரத்தில் செய்த வேலை!

பேட்டன்ட் விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டோம். தனிநபருக்கு 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000. ஏஜென்ட் கட்டணம் தனி, அதைச் சொல்லவே வேண்டாம். பேட்டன்ட் அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கையில் நான் கண்ட அதே பழைய பெடலும் தொட்டிலும் வந்து நின்றன. பதில் சொல்ல ஆறு மாத அவகாசம். எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் இடத்தில் 'ஸ்டாண்ட்' என்று ஆரம்பித்த பத்தியைச் சுருக்கிச் சுருக்கிக் கொக்கியில் கொண்டுவந்து நிறுத்தினோம். விசாரணை வீடியோவிலேயே முடிந்தது. உத்தரவு இன்னும் வரவில்லை.

உதவித் திட்டத்துக்கு மறுபடி விண்ணப்பித்தபோது 'சந்தைக்குப் புதிது' என்று டிக் அடித்தேன்.

அம்மாவுக்குக் கொக்கியின் டக் டக் சத்தம்தான் பிடிக்கவில்லை. ரப்பர் வைத்துப் பார்க்கலாமா என்று பட்டறையில் கேட்டிருக்கிறேன்.