உடலைக் கொடுக்க வருகிறவர்கள்

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் உடற்கூறியல் துறையில் ஆசிரியராக இருக்கிறேன். முதலாமாண்டு மாணவர்களுக்கு, இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் டிஸெக்‌ஷன் சொல்லித் தருவதுதான் என் வேலை. கூடவே, உடல்தானம் செய்ய விரும்பி வருகிறவர்களிடம் பேசி, சந்தேகங்களைத் தீர்த்து, படிவத்தை நிரப்பி வாங்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. வாழ்க்கையைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி, அந்தப் படிவத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசிய பேச்சுகளிலிருந்து வந்ததுதான்.

"கடவுளே இல்லைன்னா அப்புறம் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. ஆனாலும் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறதே, நம்பிக்கை இல்லாதவர்களின் வாழ்க்கை வெறுமையானது என்று, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் துறைக்கு வந்துபோன மனிதர்களைப் பார்த்த பிறகு எப்படி ஒத்துக்கொள்வது?

உடல்தானம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும்போதே படிவத்தில் கையெழுத்துப் போடலாம். நெருங்கிய உறவினர் ஒருவரின் சம்மதத்தையும் கேட்டு வாங்குகிறோம். ஆனால் இறந்த பிறகு குடும்பத்தார் முடியாது என்று சொல்லிவிட்டால், படிவத்தைக் காட்டி உடலைக் கேட்க மாட்டோம். விபத்து, தற்கொலை என்று போஸ்ட்மார்ட்டம் ஆன உடலையும், சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் எடுத்துக்கொள்வதில்லை. கண்ணைத் தானம் செய்திருந்தால் பரவாயில்லை. உடல் வந்ததும் ரத்தக் குழாய் வழியாக ஃபார்மலின், கிளிசரின் கலந்த திரவத்தை ஏற்றிப் பதப்படுத்துகிறோம். அதன் பிறகுதான் அது மாணவர்களின் மேசைக்குப் போகும். பெரும்பாலானவர்கள் இதையெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். "வெட்டின பிறகு மிச்சத்தை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. மரியாதையாக அடக்கம் செய்வோம் என்று சொன்னதும், கடவுள் இல்லை என்கிறவர்களும் சரி, இருக்கிறார் என்கிறவர்களும் சரி, ஒரே மாதிரிதான் தலையாட்டுவார்கள்.

எங்கள் பகுதியில் கையெழுத்துப் போட வருகிறவர்களில் கறுப்புச் சட்டையும் சிவப்புத் துண்டும் நிறைய. அதற்கு வரலாறு இருக்கிறது. "கடவுளை மற, மனிதனை நினை" என்று பெரியார் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். அய்யர் இல்லாமல், அக்கினி இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் வந்தது. திருமணத்தைச் சடங்கில்லாமல் செய்துகொண்டவர்கள் சாவையும் அப்படியே வைத்துக்கொள்ள நினைப்பது இயல்புதானே. இடதுசாரிகளிடமும் இந்த வழக்கம் உண்டு. 2010இல் மேற்கு வங்கத்தின் முன்னாள் முதல்வர் ஜோதி பாசுவின் உடல் கொல்கத்தாவில் மருத்துவப் படிப்புக்குப் போனது. 2024இல் அவருக்குப் பின் முதல்வராக இருந்த புத்ததேவ் பட்டாச்சார்யா, அடுத்த மாதமே மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் சீதாராம் யெச்சூரி. அதற்கெல்லாம் முன்னோடி என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தாமைச் சொல்லலாம். தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடலைத்தான் சட்டப்படி அறுக்கலாம், அறுக்கப்படுவது அவமானம் என்று இங்கிலாந்து நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், தன் உடலை அறுத்துப் பாடம் நடத்தச் சொல்லி எழுதிவைத்துவிட்டு 1832இல் செத்துப்போனார் அவர். மதத்தைக் கடுமையாக விமர்சித்தவர். அவருடைய எலும்புக்கூடு இன்றும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சட்டை கோட்டோடு உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பெயர்களையெல்லாம்விட எனக்கு முக்கியமானவர் ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவியோடு வந்திருந்தார். அவர் கறுப்புச் சட்டை. அந்த அம்மா நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் சமயபுரத்துப் பிரசாதப் பை. வரும் வழியில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். அந்த அம்மா உள்ளே போய்க் கும்பிட்டிருக்கிறார், இவர் வெளியே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்தே இப்படித்தானாம்.

அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. நேராகவே சொன்னார்: "டாக்டரம்மா, இவரு பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு. நாளைக்குக் கொள்ளி வைக்காம, சாம்பல் கரைக்காம விட்டா என் கட்டை வேகுமா?"

"வேக வேண்டியது என் கட்டைதானே, அதையே இங்க குடுத்துர்றேனே" என்றார் அவர். அம்மா முறைத்தார். நான் அவரிடம், "ஐயா, அவங்க மனசு ஒப்பணும். நாளைக்கு எங்களுக்கு போன் பண்ணப்போறது அவங்கதான்" என்றேன். அதற்கு அவர் சண்டைக்கு வரவில்லை. "சரிதான்" என்று சொல்லிவிட்டுச் சாட்சிக் கையெழுத்துக்கான இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டார். படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

போவதற்கு முன் நானே கேட்டேன். இது என் வேலையில் சேராது, ஆனாலும் கேட்டேன். எல்லாம் இத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறீர்களே, அப்படியென்றால் இத்தனை வருடம் எதற்காக என்று தோன்றாதா? அவர் யோசித்துச் சொன்னது ஒரு கணக்கு. கடைசி ட்ரிப்பில் டியூட்டி பார்த்த காலத்தில், டியூஷன் முடிந்து வரும் இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு விலக்கில் நிற்பார்களாம். அது ஸ்டாப் இல்லை. டிரைவரிடம் சொல்லி நிறுத்தி ஏற்றிக்கொள்வாராம். ஒரு நாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் பிடித்து மெமோ கொடுத்திருக்கிறார். அப்புறமும் நிறுத்தியிருக்கிறார். "அதுல ஒரு புள்ள இப்ப நர்சா இருக்குது. அந்த மெமோ ஒண்ணு போதும்மா எனக்கு" என்றார்.

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வாழ்க்கைக்கு அர்த்தம் என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. இந்தப் பிரபஞ்சம் எதற்காக, அதில் மனிதன் எதற்காக என்பது ஒன்று. நான் இன்று செய்வதற்கு மதிப்பு உண்டா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கடவுள் நம்பிக்கை ஒரு பதில் தருகிறது. நம்பாதவர்களிடம் அதற்குப் பதில் இல்லை, அல்லது அந்தக் கேள்வியே அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இரண்டாவதுக்குப் பதில் கிடைக்கும் என்பது எப்படிச் சரியாகும்? அந்த விலக்கில் பஸ் நின்றதற்கு மதிப்பு இருந்தது. அது அந்தப் பெண் பத்திரமாக வீட்டுக்குப் போனதில் இருந்தது. மேலே யாராவது அதைக் கணக்கில் எழுதிக்கொண்டார்களா இல்லையா என்பதால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வகுப்பில் கழுத்தை டிஸெக்ட் செய்யும்போதும் இது எனக்கு நினைவுக்கு வரும். குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்று இருக்கிறது, ரிகரண்ட் லாரிஞ்சியல் என்போம். இடது பக்கத்தில் அது குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலே ஏறித்தான் குரல்வளைக்கு வந்து சேரும். ஒட்டகச்சிவிங்கியிலும் இதே வழிதான், அவ்வளவு நீளக் கழுத்தில் இறங்கி ஏற வேண்டும். மீன் போன்ற முன்னோர்களின் உடலமைப்பிலிருந்து பரிணாமத்தில் வந்த மிச்சம் அது. இதைச் சொன்னதும் வகுப்பில் சிலர் "அப்போ படைச்சவன்னு யாரும் இல்லதானே மேடம்?" என்பார்கள். சிலர் "அவன் படைச்ச வழியே அதுதான்" என்பார்கள். இரண்டையும் பேச விடுவேன். பிறகு ட்ரேக்கியா என்கிற மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், தைராய்டுக்குப் பின்னால், வெள்ளை நூல் போலக் கிடக்கும் அந்த நரம்பை ஃபோர்செப்ஸால் லேசாகத் தூக்கிக் காட்டச் சொல்வேன். நாளைக்குத் தைராய்டு ஆபரேஷனில் இது அறுந்தால் ஒரு மனிதரின் குரல் கம்மிப்போகும். அந்தக் குரலைக் காப்பாற்றும் பொறுப்பு, கும்பிடுகிற சர்ஜனுக்கும் கும்பிடாத சர்ஜனுக்கும் ஒன்றுதான்.

நம்பிக்கை இல்லாதவர்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. துக்கத்தில் அவர்களுக்குக் கை வைக்க ஒரு சுவர் குறைவுதான். வளர்ந்த மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், அவரும் இயக்கத்துக்காரர், என் எதிரில் உட்கார்ந்து, "திட்டுறதுக்குக்கூட ஒருத்தன் இல்லம்மா" என்று அழுதார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இயக்கத்து மக்கள் அதைப் புரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கருமாதி வேண்டாம் என்றவர்கள் படத்திறப்பும் நினைவேந்தலும் நடத்துகிறார்கள். நாலு பேர் கூடி, இறந்தவர் என்னென்ன செய்தார் என்று மைக்கில் சொல்கிறார்கள். துக்கத்தைத் தனியே சுமக்க முடியாது என்பது எல்லோருக்கும் பொதுவாயிற்றே.

அதேபோல, உடலைக் கொடுப்பது நாத்திகர்களுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. தேவர்களுக்காகத் தன் முதுகெலும்பையே கொடுத்த ததீசி முனிவரைச் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற பக்தர்களைப் பார்த்திருக்கிறேன். தைவானில் சூ ச்சி என்ற பௌத்த அமைப்பின் மருத்துவக் கல்லூரியில் உடல் கொடுத்தவர்களை 'மௌன ஆசிரியர்கள்' என்று வணங்குகிறார்கள். மாணவர்கள் அவர்களின் குடும்பத்தைப் போய்ப் பார்த்து, வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கத்தியை எடுக்கிறார்கள். நம் ஊரிலும் முதல் நாள் உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். எங்கள் துறையில் அதில் எந்தச் சாமி பேரும் கிடையாது. கும்பிட விரும்புகிறவர்கள் கும்பிடலாம், சும்மா நிற்க விரும்புகிறவர்கள் நிற்கலாம். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அந்தக் கண்டக்டர் இறந்தது ஒரு மார்கழி அதிகாலையில். போன் செய்தது அந்த அம்மாதான். "டாக்டரம்மா, வண்டி அனுப்புறீங்களா?" என்றார். படிவத்தில் சாட்சிக் கையெழுத்து எப்போதோ போடப்பட்டிருந்தது, மகன் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் பார்த்தேன். சொந்தக்காரர்கள் ஏதேதோ சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், அம்மா கேட்கவில்லை. வாய்க்கரிசி மட்டும் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினாராம். அவர் இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார், ஆனால் தடுத்திருக்க மாட்டார்.

உடலைப் பெற்றுக்கொண்டதற்கான சான்றிதழ் வாங்க அந்த அம்மாவே வந்தார். குடும்பப் பென்ஷன் பேப்பர்களோடு அதையும் வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியத்தைப் படத்தை வைத்துச் செய்து முடித்துவிட்டதாகச் சொன்னார். எங்கள் கிளார்க் பழக்க தோஷத்தில் ஒரு புதுப் படிவத்தையும் எடுத்து நீட்டினார்.

"எனக்கு இதெல்லாம் வேண்டாம்ப்பா. என்னை ஆத்தங்கரையிலேயே வச்சிருங்க. அவருக்கு அது சரி, எனக்கு இது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சான்றிதழில் பெயரின் இனிஷியல் தப்பாக இருந்தது. திருத்தி, சீல் போட்டுக் கொடுத்தேன். பென்ஷனுக்கு இது போதாது, இறப்புச் சான்றிதழ் ஒரிஜினல் வேண்டும், அதை எங்கே வாங்குவது என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "சாயங்காலம் நாலு மணிக்குள்ள போனா ஆள் இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே கிளம்பினார்.