படிவத்தில் எங்கள் விழாவுக்குக் கட்டம் இல்லை

"எந்தச் சாமிக்கு விழா?" என்றுதான் விழா அனுமதிக்காகப் போன அலுவலகத்தின் எழுத்தர் முதலில் கேட்டார். சாமிக்கு இல்லை சார், நீலகிரி கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் ஒன்றாகக் கூடி ஆடிப் பாடுகிற விழா என்றேன். "அப்படியென்றால் கட்சிக் கூட்டமா?" அதுவும் இல்லை. படிவத்தில் கோயில் திருவிழா, அரசியல் கூட்டம், சுப நிகழ்ச்சி என்று மூன்றே கட்டங்கள். அவர் படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் பழங்குடியைச் சேர்ந்தவன் அல்ல. பத்து வருடமாக இங்கே மாலை வகுப்பு எடுக்கிறேன். கடிதம் எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக ஊர் இளைஞர்கள் என்னை விழாக்குழுச் செயலாளர் ஆக்கினார்கள். பணம் திரட்டியது, சமையல், பந்தல் எல்லாம் அவர்கள் பாடு. ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. வில்லங்கம் அத்தனையும் என் கையிலிருந்த கோப்பில்தான்.

முதல் வில்லங்கம் மைதானம். பள்ளிக்கூடத்தை ஒட்டி இருக்கிறது, பிள்ளைகள்தான் விளையாடுகிறார்கள் என்பதால் தலைமையாசிரியரிடம் தடையின்மைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாம் முறை போனபோதுதான் யாரோ வாய் திறந்தார்கள்: அது பள்ளி நிலம் இல்லை, புறம்போக்கு. வருவாய்த் துறையின் கடிதம் வேண்டும். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். இடத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, நிலம் யாருடையது என்று காட்டும் 'அ' பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள், கைபேசியிலேயே பார்க்கலாம். எனக்கு அது தெரிய மூன்று நாள் விடுப்பு செலவானது.

இன்னொரு கையெழுத்துக்காக உதகைக்குப் போனது தனிக்கதை. நடுவட்டம் வழியாக 50 கிலோமீட்டர், மூடுபனியில் பஸ் ஊர்ந்தது. போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை. திங்கள் என்றால் மக்கள் குறைதீர்க்கும் நாள். நான் பார்க்க வேண்டிய அதிகாரி கூட்ட அரங்கில் உட்கார்ந்திருந்தார். மதியம் மூன்று மணிவரை மர பெஞ்சில் காத்திருந்து, டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை போயிருந்தால் பத்து நிமிட வேலை.

அடுத்தது தேதி. ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் நாள். 1982-இல் ஐ.நா.வின் பழங்குடிகள் பணிக்குழு முதன்முதலாகக் கூடிய நாள் அது. அந்த நாளிலேயே நடத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். ஆகஸ்டில் கூடலூரும் பந்தலூரும் எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். "அந்த மாதம் அட்டையைத் தவிர யாரும் வெளியே வரமாட்டார்கள், தம்பி" என்று ஒரு பாட்டி சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆகஸ்ட் 7 மாலை சிவப்பு எச்சரிக்கை வந்தது. மறுநாள் மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்.

தள்ளிவைப்பது பெரிய காரியமில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அனுமதி அந்தத் தேதிக்கு மட்டுமே. ஒலிபெருக்கி, தீயணைப்பு, மைதானம் எல்லாவற்றுக்கும் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். கடிதத்தில் மாற்றுத் தேதி ஒன்றையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டாம் சுற்றில் அப்படித்தான் கேட்டேன், ஒருவரும் மறுக்கவில்லை. செப்டம்பர் கடைசி ஞாயிறு என்று முடிவானது.

இதற்கிடையே அழைப்பிதழில் ஒரு பிழை. அதற்கு எந்த அலுவலகத்தையும் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளும் நீலகிரியில் வாழ்கிறார்கள் என்று எழுதி, தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று வரிசையாகப் போட்டிருந்தேன். அரசுப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. 500 பிரதி அச்சாகி வந்தது. முதல் பிரதியை வாங்கிப் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்ன பெரியவர் ஒருவர், "எந்தக் குறும்பர்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் பெட்டக் குறும்பர் இருக்கிறார்கள், முள்ளுக் குறும்பர் இருக்கிறார்கள். பேச்சு வேறு, வழக்கம் வேறு. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் ஆலுக் குறும்பர். பட்டியலில் ஒரே சொல்லாக இருப்பதால் ஆட்களும் ஒன்றாகிவிடுவார்களா? மழையால் தேதி மாறியதில் ஒரே ஒரு நன்மை, அழைப்பிதழைத் திருத்தி மறுபடி அச்சடிக்க முடிந்தது.

நிகழ்ச்சி நிரலிலும் அதே கூத்துதான். குழுவுக்குப் பத்து நிமிடம், மாற்றத்துக்கு இரண்டு நிமிடம் என்று பள்ளி ஆண்டு விழா மாதிரிக் கட்டம் போட்டு வைத்திருந்தேன். கோத்தர் ஊர்கள் ஏழில் ஒன்று கூடலூர்ப் பக்கமே இருப்பதால் நேரில் அழைக்கப் போனோம். நிரலை வாங்கிப் பார்த்தவர்கள் அமைதியாகக் கேட்டார்கள்: என்ன வாசிக்க வேண்டும்? எதுவானாலும் சரி என்றேன். சாமிக்கு உரிய இசை தனி, சாவுக்கு உரியது தனி, ஆட்டத்துக்கு உரியது தனி. "எதுவானாலும்" என்று ஒன்று அவர்களிடம் கிடையாது. மேடைக்கு எது வரலாம், எது வரக்கூடாது என்று அவர்களே பேசி முடிவெடுக்க ஒரு வாரம் ஆனது. நிரலை அச்சடிக்கும் முன் போயிருக்க வேண்டிய வீடு அது.

வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்களா? இ-பாஸை மறக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு அது தேவை. வயநாட்டிலிருந்து பணியர் உறவுக்காரர்கள் வந்த வேன் தாளூர் சோதனைச்சாவடியில் நின்றுவிட்டது. பாஸ் எடுப்பது எளிது, பணமும் கிடையாது; ஆனால் அந்த இடத்தில் ஓட்டுநரின் கைபேசியில் சிக்னல் இல்லை. வேன் எண்ணை வாங்கி முந்தின இரவே நாமே எடுத்து அனுப்பிவிடுவது நல்லது. இன்னொன்று, ஆட வருகிறவர்கள் பலரும் தோட்டத்தில் தினக்கூலிகள். பொன்னாடை வேண்டாம், அன்றைய கூலியையும் வண்டிச் செலவையும் சேர்த்து ரொக்கமாக, இறங்கியவுடன் கையில் கொடுங்கள்.

விழா நாள் காலை தூறல்தான், பெரிய மழை இல்லை. ஆனால் ஈரக்காற்றில் துடிகளின் தோல் தொய்ந்துவிட்டது. பணியர் குழுவின் மூத்தவர் ஒரு துடியை விரலால் தட்டினார். நனைந்த சாக்கைத் தட்டிய மாதிரி 'தொப்' என்றது. "தீ வேண்டும்" என்றார். என் சட்டைப்பையில் இருந்த அனுமதிக் கடிதத்தின் நான்காவது நிபந்தனை, பந்தல் அருகே எவ்விதத் தீயும் மூட்டக்கூடாது. அதைப் படித்துக் காட்டினேன். அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

சமையலுக்கு வைத்திருந்த பழைய இரும்புச் சட்டி ஒன்றில் கரிக்கங்கு அள்ளி, மைதானத்துக்கு வெளியே சாலையோர டீக்கடைத் தாழ்வாரத்தில் வைத்தோம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். ஆறு துடிகளும் சுற்றி வந்தன. தோலைச் சூட்டுக்கு மேலே காட்டித் திருப்பி, உள்ளங்கையால் தேய்த்து, மறுபடி காட்டி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் 'தொப்' போய் 'திண்' வந்தது. பாதுகாப்புக்கு வந்திருந்த காவலர் நேராக எங்களை நோக்கி வந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் குனிந்து இரண்டு கைகளையும் கங்கின் மேல் நீட்டிக் குளிர் காய்ந்தார்.

அதன் பிறகு என் நிரலை யாரும் பார்க்கவில்லை. துடி ஏறியதும் வட்டம் கட்டி ஆட ஆரம்பித்தார்கள். வட்டம் மேடையில் அடங்காமல் தரைக்கு இறங்கியது, பார்க்க வந்தவர்களும் உள்ளே போனார்கள். வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை மூன்றும் போயே போயின. சிறப்புரைக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்தில் இருந்தார்.

அனுமதி மாலை 6 மணிவரை. 5.55-க்கு நானே ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, ஆட்டத்தை நிறுத்தச் சொல்வதா வேண்டாமா என்று காவலரைப் பார்த்தேன். அவர் கடிதத்தை வாங்கி ஒருமுறை வாசித்தார்.

"மைக்குக்குத்தானே சார் 6 மணி" என்று மடித்துக் கொடுத்துவிட்டு, கங்குச் சட்டி இருந்த பக்கம் நடந்தார்.